‘செட்’ பண்ணிவிட்ட மனிதர்

‘சொல்லியாச்சு’ ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. அதைப் பார்க்க நீங்கள் காடு மலையெல்லாம் ஏற வேண்டாம். உங்கள் வீட்டிலேயே ஒன்று நாற்காலியில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்டால் “சொல்லியாச்சு” என்பார். சமையலறைக் குழாய் சொட்டுகிறதே என்றால் “ஆள்கிட்ட சொல்லியாச்சு” என்பார். குழாய் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அவரைப் பொறுத்தவரை, அவர் சொன்ன நிமிடத்திலேயே அது நின்றுவிட்டது. “இன்னும் சொட்டுதேங்க” என்று யாராவது நினைவுபடுத்தினால் அவர் குழாயைத் திரும்பிப் பார்க்க மாட்டார். நினைவுபடுத்தியவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

திருவண்ணாமலையில் இந்த இனம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி தெருவுக்கு வரும். சென்னையில் இருக்கும் சித்தப்பா குடும்பத்துக்குப் போன் போட்டு, “நீங்க தைரியமா கிளம்பி வாங்க, லாட்ஜ்ல ரூம் சொல்லியாச்சு” என்று அழைப்பார். சித்தப்பா குடும்பம் பையும் பாத்திரமும் முழங்கால் வலியுமாகப் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்து லாட்ஜ் வாசலில் நின்றால், உள்ளே இருப்பவர் “யாரு சொன்னது? யார்கிட்ட சொன்னது?” என்று கேட்பார். நம் ஆசாமி அங்கேயும் அசர மாட்டார். “நான்தான் காலையிலயே சொன்னேனே!” என்பார். அவர் சொன்னது உண்மை. அதில் ஒரு குறையும் கிடையாது. ரூம் இல்லாமல் போனது ரூமுடைய தப்பு.

இப்படிப்பட்ட ஒருவருக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை கிடைத்தால் என்ன ஆகும்? கிடைத்தது. அவர் பெயர் புகழேந்தி. போளூர் ரோட்டில் இருசப்பன் என்பவரின் வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு, பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு அங்கிருந்தபடியே வேலை பார்க்கிறார். மனைவி ரேவதிக்கு ஊரிலேயே ஒரு கண் ஆஸ்பத்திரியில் கவுண்டர் பொறுப்பு. மகள் அபிநயா நாலாவது படிக்கிறாள்.

புகழேந்தியின் வேலை என்ன என்று பயப்படாமல் கேளுங்கள், புரியும். கம்ப்யூட்டர் திரையில் சதுரம் சதுரமாகத் திறக்கிறதே, விண்டோ, அந்த ஒவ்வொரு விண்டோவுக்கும் சில குணங்கள் உண்டு. அதன் தலையில் என்ன பெயர், எவ்வளவு அகலம், எங்கே நிற்கிறது, தெரிகிறதா ஒளிந்திருக்கிறதா, மற்ற விண்டோக்களுக்கு முன்னாலா பின்னாலா என்று இப்படி. இந்தக் குணங்களை மாற்றுவதற்கு ஒரு ஃபங்ஷன் இருக்கிறது; அந்தத் தொழிலில் அதை ‘செட்’ என்பார்கள். “இன்றிலிருந்து உன் பெயர் இது. இவ்வளவு அகலமாகு. எல்லோருக்கும் முன்னால் போய் நில்.” அவ்வளவுதான், உத்தரவு. அதற்கு ஜோடியாக இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது, அது ‘கெட்’. “இப்போது உன் பெயர் என்ன? எவ்வளவு அகலம் இருக்கிறாய்? முன்னால்தான் நிற்கிறாயா?” என்று விண்டோவையே கேட்டுத் தெரிந்துகொள்வது. இரண்டையும் சேர்த்துத்தான் செய்து வைத்திருக்கிறார்கள். புகழேந்தி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதலாவதை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாவது இருப்பது அவருக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் யாரோ குடியிருப்பது தெரிகிற மாதிரி தெரியும்.

‘சொன்னால் விண்டோ கேட்காதா, அப்புறம் எதற்குத் திரும்ப விசாரிப்பது?’ என்று நீங்கள் நினைக்கலாம். கேட்காது. புரோகிராமுக்கும் திரைக்கும் நடுவில் ஒரு மேற்பார்வையாளர் உட்கார்ந்திருக்கிறார், அவரும் ஒரு புரோகிராம்தான். கோயில் வாசலில் கூட்டத்தைப் பிடித்து நிறுத்துகிற போலீஸ்காரர் மாதிரி. “என்னை முன்னால் விடுங்க” என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். விடுவதும் விடாததும் அவர் இஷ்டம். ‘செட்’ செய்தால் திரும்பி வரும் பதில், “நீங்கள் சொன்னதைச் சேர்ப்பித்தாகிவிட்டது” என்பது மட்டும்தான். நடந்துவிட்டது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை ஆசாமிகள் எவரும் லட்சியம் செய்வதில்லை. லட்சியம் செய்தால் தூக்கம் போய்விடும் இல்லையா?

பெங்களூரில் இவருக்கு மேலே இருப்பவர் வினோதினி. வயதில் சின்னவர், பதவியில் பெரியவர். வாரத்துக்கு ஒரு முறையாவது போனில் வருவார்.

“சார், செட் பண்ணியிருக்கீங்க, சரி. ஆச்சானு படிச்சுப் பாத்தீங்களா?”

“சொல்லியாச்சு மேடம்.”

“சொன்னது தெரியுது சார். ஆச்சா?”

“சொன்னா ஆவாம எங்க போவுது?”

வினோதினி போனை வைத்துவிடுவார். வேறென்ன செய்வது?

அந்த வினோதினிதான் ஒரு நாள், பெங்களூருக்கே வந்து வேலை பார்ப்பது பற்றிப் பேச்செடுத்தார். புகழேந்தி அன்றைக்கே காரியத்தில் இறங்கிவிட்டார். ஒன்றாம் தேதி வந்துவிடுகிறேன் என்று வினோதினியிடம் சொன்னார். மாசக் கடைசியில் காலி செய்துவிடுகிறோம் என்று கீழ் வீட்டில் இருசப்பனிடம் சொன்னார். அபிநயாவுக்கு டி.சி. வேண்டும் என்று ஸ்கூலில் சொன்னார். எல்லாம் முடித்துவிட்டு, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரேவதியிடமும் சொன்னார். ரேவதி வாயில் இரண்டு கிளிப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். மறுப்பு ஏதும் வரவில்லை. புகழேந்தி கீழே இறங்கி வந்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியின் டாக்டர் சந்திரகலா, கீழ்பென்னாத்தூரில் புதிதாகத் திறக்கப்போகும் கிளைக்கு ரேவதிதான் பொறுப்பாளர் என்று சொல்லியிருந்தார். எட்டு வருஷமாகக் கவுண்டரில் நின்று, யாருக்கு எந்தக் கண்ணில் சொட்டு மருந்து என்பதுவரை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒருவருக்குத் தனி அறை, தனி மேஜை, கீழே நாலு பேர். ரேவதிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் “ம்” என்றார். அப்புறம் அவர் பாட்டுக்குப் பெங்களூரை ஏற்பாடு செய்தார். ரேவதிக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு பதவி. அது கிடைக்குமா போகுமா என்பதுதான் இந்தக் கதை.

பெங்களூர் போவதற்கு முன்னால் சந்திரகலா டாக்டருக்கு ஒரு நல்ல காரியம் செய்து கொடுக்கலாம் என்று புகழேந்தி நினைத்தார். ஆஸ்பத்திரி ஹாலில் ஒரு பெரிய டிவி சும்மா கிடந்தது. அதில் டோக்கன் எண் வருகிற மாதிரி ஒரு புரோகிராம். உள்ளே பட்டனை அமுக்கினால் டிவியில் இருக்கும் விண்டோ அடுத்த எண்ணுக்கு மாறும். அவ்வளவுதான். சாயங்காலமே போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டு, டாக்டரிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, “டிவிக்குச் சொல்லியாச்சு” என்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் காலை. ஹால் நிறையக் கூட்டம். புகழேந்தி வீட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் புரோகிராம் டிவிக்குச் சொல்லும் எண் ஏறுவதைக் காபியோடு ரசித்துக்கொண்டிருந்தார். ரேவதியிடமிருந்து போன்.

“ஏங்க, டிவி பதினாலுலயே நிக்குதுங்க.”

“இருபத்தேழு.”

“பதினாலுங்க. நான் அதுக்கு எதிர்லதான் நிக்கறேன்.”

“ரேவதி, நான் பாத்துக்குனுதான் இருக்கேன். இருபத்தேழுனு சொல்லியிருக்கு.”

“யாரு சொன்னது?”

“நான்தான் சொன்னேன்.”

“சொன்னீங்க சரி. இங்க பதினாலுதானே தெரியுது?”

“தெரியறத விடு. இருபத்தேழு போயிட்டு இருக்கு. நீ ஜனங்கள உள்ள அனுப்பு.”

டிவிக்கு எதிரே நிற்பவரிடம் டிவியில் என்ன தெரிகிறது என்று விளக்கம் சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். புகழேந்திக்கு அது துணிச்சலாகவே படவில்லை.

ஜனங்களை அனுப்புவது அவ்வளவு சுலபமாகவும் இல்லை. பதினைந்தாம் எண்ணை வைத்திருந்தவர் அடி அண்ணாமலையைச் சேர்ந்த தசரதன் என்ற பெரியவர். ரேவதி அவரிடம் போய், “ஐயா, நீங்க உள்ள போங்க” என்றார்.

“இன்னாமா நீ? என்துது பதினஞ்சு. டிவில பதினாலுதானே கீது?”

“டிவி தப்புங்க ஐயா. நான் சொல்றேன், போங்க.”

“டிவில வரட்டும்மா. அப்புறம் கெழவன் முறை தப்பிப் பூந்துட்டான்னு நாலு பேரு பேசுவாங்க.”

அவருக்குப் பின்னால் எண் வைத்திருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். முறை என்றால் முறை. உள்ளே டாக்டர் சந்திரகலா யாரும் வராததால் நாற்காலியில் இப்படியும் அப்படியும் சுழன்று பார்த்துவிட்டு, பட்டனை மேலும் மேலும் அமுக்கினார். புகழேந்தி வீட்டில் எண் விறுவிறுவென்று ஏறியது. பரவாயில்லையே, டாக்டர் இவ்வளவு வேகமாகப் பார்க்கிறாரே என்று சந்தோஷப்பட்டார்.

கடைசியில் ரேவதி ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி டிவியை அணைத்தார். டோக்கனை எல்லாம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்ப ஆரம்பித்தார். கூட்டம் மளமளவென்று குறைந்தது. புகழேந்தி பைக்கை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது ஹாலில் பாதிக்கு மேல் காலி. டிவியைப் போட்டு நோண்டிப் பார்த்தார். காலையில் பதினாலாம் எண் வந்த சமயத்தில், கூட்டத்தில் யாரோ புரோகிராமை ஒரு தடவைக்கு இரண்டு தடவை திறந்திருக்கிறார்கள். டிவியில் இரண்டு விண்டோ. பின்னால் இருந்தது இவர் சொன்னபடியெல்லாம் எண்ணை மாற்றிக்கொண்டு, யார் கண்ணுக்கும் தெரியாமல் சமர்த்தாக இருந்தது. முன்னால் இருந்த பழையது பதினாலில் அப்படியே நின்றது. “முன்னால் நிற்பது நீதானா?” என்று ஒரு வரி கேட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அவர் அதில் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் வெளியே வந்தார்.

“ரேவதி, நீ இல்லன்னா இன்னைக்கு நான் அவ்ளோதான். மாசக் கடைசிக்கு அப்புறம் என்ன பண்ணப்போறேன்னே தெரியலம்மா.”

“மாசக் கடைசிக்கு என்னங்க மேடம்?”

“நீ வேலைய விட்டு நின்னுடறேன்னு சார் நேத்தே சொல்லிட்டாரே. கீழ்பென்னாத்தூருக்கு வேற ஆள் பாத்துட்டு இருக்கேன்.”

ரேவதி கணவரைத் திரும்பிப் பார்த்தார். புகழேந்தி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு விண்டோ ரேவதி, அதான் விஷயம்!” என்றார். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. ரேவதி கையிலிருந்த டோக்கனை எல்லாம் ஒன்றாக அடுக்கி மேஜையில் வைத்துவிட்டு, “அடுத்தது ரேணுகாம்பாள்” என்று கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் புகழேந்தி வாழ்க்கையில் முதல்முறையாக ‘கெட்’ எழுதினார். விண்டோவைக் கேட்டார்; விண்டோ பதில் சொன்னது. அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கேட்டால் சொல்லுமா! உடனே வினோதினிக்குப் போன்.

“கெட் பண்ணிட்டேன் மேடம். ஆனா பேர் பாதிதான் வருது.”

“பதில் வாங்க எவ்ளோ எடம் ஒதுக்குனீங்க சார்?”

“நாலெழுத்துக்கு.”

“அப்ப நாலெழுத்துதான் வரும். மிச்சம் அங்கயே நிக்கும். மிச்சம் இருக்குனு அதுவே சொல்லும் சார், அதையும் பாக்கணும்.”

“ஓ, எடத்த ஜாஸ்தி பண்ணணுமா!” என்று வியந்தார் புகழேந்தி. விண்டோவுக்கு ஜாஸ்தி பண்ணினார்.

கேட்டுப் பார்ப்பது என்ற இந்தப் புது வித்தையை வீட்டிலும் செய்து பார்க்க அவருக்கு ஆசை வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், மனிதர் முயற்சி செய்யாமல் இல்லை. மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது ஹெல்மெட்டை மாட்டி, பைக்கை ஸ்டார்ட் செய்து, கேட்டில் நின்ற ரேவதியைப் பார்த்துக் கேட்டார்.

“பெங்களூரு போறதுல உனக்கு ஓகேதானே?”

“அது வந்துங்க…”

“ஓகே, ஓகே” என்று கிளம்பிவிட்டார்.

மிச்சம் இருக்கிறது என்று சொல்வதற்கு ‘அது வந்துங்க’வைவிடத் தெளிவான வார்த்தை தமிழில் கிடையாது. ஹெல்மெட்டுக்குள் அது நுழையவில்லை. கேட்டாயிற்று, ஆமாம் என்று வந்தாயிற்று என்று அவர் வண்டியை விரட்டினார். இனத்தில் இது ஒரு படி முன்னேறிய ரகம். கேட்பார், ஆனால் பதிலுக்கு ஒரு வார்த்தைக்கு மேல் இடம் தர மாட்டார். சொல்லிவிட்டுப் போகிறவரையாவது பிடித்து நிறுத்தி நாலு வார்த்தை கேட்கலாம். “அதான் கேட்டேனே” என்கிறவரிடம் எதைப் பேசுவது?

மாசக் கடைசி நெருங்கியது. புகழேந்தி அட்டைப்பெட்டிகளை வாங்கிவந்து புத்தகங்களைக் கட்டிவைத்தார். வீடு பார்க்க யாராவது வருகிறார்களா என்று விசாரிக்கக் கீழே இறங்கிப் போனார். இருசப்பன் வாசலில் வேப்பங்குச்சியோடு நின்றுகொண்டிருந்தார்.

“இன்னா சார், புதுசா கேக்கறீங்க? காலி பண்லனு அம்மா சொல்ட்டாங்களே.”

“எந்த அம்மா?”

“உங்க வீட்டம்மாதான் சார். எனக்கும் அதான் நல்லது, விட்டுட்டேன்.”

புகழேந்தி ஸ்கூலுக்குப் போன் செய்தார். டி.சி. வேண்டாம் என்று ரேவதி மேடம் சொல்லிவிட்டார்கள் என்றார்கள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். ரேவதி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தார்.

“என்ன பண்ணி வச்சிருக்கே நீ? கம்பெனிக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“வினோதினி மேடம்கிட்ட நானே போன்ல கேட்டேங்க. கட்டாயம் வந்துதான் ஆவணுமானு.”

“என்ன சொன்னாங்க?”

“வாங்கன்னே சொல்லலியாம். வர்றீங்களானுதான் கேட்டாங்களாம். நீங்கதான் பதிலே சொல்லாம தேதி சொன்னீங்களாம். இங்க இருந்தே பாக்கட்டும், ஒண்ணும் இல்லன்னுட்டாங்க.”

புகழேந்திக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. “டாக்டர்கிட்ட?”

“நிக்கலன்னு சொல்லிட்டேன். நல்லவேளை, வேற ஆள் போடல. ஒண்ணாந்தேதி கீழ்பென்னாத்தூர்ல சேர்றேன்.”

நானே கேட்டேன், நானே சொல்லிவிட்டேன் என்று ரேவதி அடுக்கியதைக் கேட்கக் கேட்க அவருக்கு முகம் சிவந்தது. உண்மையாகவே வலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு அட்டைப்பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

“எல்லார்கிட்டயும் கேட்டிருக்கே. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணவே இல்லியா?”

ரேவதி சீப்பைக் கீழே வைத்தார்.

“தோணிச்சுங்க. கேட்டா வேணாம்னு சொல்லிடுவீங்கனு தெரியும். அதான் கேக்கல.”

கீழே இருசப்பன் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

“நான் கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே?” என்றார் புகழேந்தி. ஹெல்மெட் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டார்.

“நானும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

“தெரியும்” என்றார் புகழேந்தி.

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது. ரேவதி அவரை ஒரு முறை பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் அட்டைப்பெட்டிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒருவர் முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். வராமல் இருக்காது. ‘அட, அச்சு அசல் அவரேதான்’ என்று முடிவு கட்டி, யாருக்கு அனுப்பலாம் என்றுகூட யோசித்திருப்பீர்கள். நல்ல காரியம். ஆனால் அவரைக் கேட்டுக்கொண்டா முடிவு கட்டினீர்கள்? ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன், இதைப் படிக்கும்போது அவருக்கு யார் முகம் ஞாபகத்துக்கு வந்தது என்று. மாட்டீர்கள். எனக்குத் தெரியும்.